பார்சலில் வந்த கோழிக்குஞ்சுகள் இறக்கின்றனவா? முதல் பத்து நாளுக்கான முழுமையான வழிகாட்டி

"அண்ணே, நேத்து பஸ்ஸுல அம்பது குஞ்சு வந்துச்சு. காலையில ஏழு கெடக்குது. என்ன மருந்து போடணும்?"

மாதத்துக்கு இரண்டு மூன்று முறையாவது இந்த அழைப்பு வருகிறது. நான் மருந்தின் பெயரைச் சொல்வதில்லை. பதிலுக்கு இரண்டு கேள்விகள் கேட்பேன். முட்டையிலிருந்து பொரிந்து இன்றைக்கு எத்தனையாவது நாள்? நேற்றைவிட இன்று சாவு கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் காரணம் முக்கால்வாசி பிடிபட்டுவிடும். பெட்டிக்குள் செத்த குஞ்சும், மூன்றாம் நாள் செத்த குஞ்சும், ஐந்தாம் நாள் செத்த குஞ்சும் வெவ்வேறு காரணத்தால் செத்தவை. மூன்றுக்கும் ஒரே மருந்தை ஊற்றினால் காசுதான் போகும், சாவு நிற்காது.

பொரிப்பகத்திலிருந்து பஸ் பார்சலில் நாட்டுக்கோழிக் குஞ்சு வரவழைத்து வளர்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெட்டி வந்த பிறகு படிப்பவர்கள் 4ஆம் பகுதிக்கு நேராகப் போங்கள். மற்றவற்றைப் பிறகு படிக்கலாம்.

1. முன்பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி: குஞ்சு என்றைக்குப் பொரிகிறது, என்றைக்கு பஸ் ஏறுகிறது? பொரிவதற்குச் சற்று முன்புதான் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு குஞ்சின் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. அந்தக் கட்டுச்சோற்றை வைத்துக்கொண்டு தீனி தண்ணீர் இல்லாமல் 72 மணி நேரம் வரை குஞ்சு தாக்குப்பிடிக்கும். அதனால்தான் பார்சலில் அனுப்பவே முடிகிறது. ஆனால் அந்தக் கணக்கு பொரிந்த நேரத்திலிருந்து ஓடுகிறது, பஸ் கிளம்பிய நேரத்திலிருந்து அல்ல. பொரிப்பகத்திலேயே ஒன்றரை நாள் இருந்துவிட்டு இரவுப் பயணமும் செய்து வரும் குஞ்சிடம் கையிருப்பு ஏறக்குறைய தீர்ந்திருக்கும்.

இரண்டாவது, பஸ் எத்தனை மணிக்கு வந்து சேரும்? இரவில் கிளம்பி விடிகாலையில் வந்து சேர்வதுதான் நல்லது. சித்திரை, வைகாசியில் பகல் பயணம் என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெட்டியை டிக்கியில் போடுவார்களா, ஆள் பக்கத்தில் வைப்பார்களா என்றும் கேளுங்கள். டிக்கியில் என்ஜின் சூடும் சேரும், மேலே வேறு மூட்டை வைத்துக் காற்றுத் துளைகளை அடைத்தும் விடுவார்கள்.

மூன்றாவது, வழியில் செத்தால் என்ன ஏற்பாடு? நூற்றுக்கு இரண்டு கூடுதலாகப் போட்டு அனுப்பும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அதற்கு மேல் போனால் பணமா, அடுத்த முறை குஞ்சா, எத்தனை மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வையுங்கள். சாவு விழுந்த பிறகு இதைப் பேசினால் இரு பக்கமும் கோபம்தான் வரும்.

மாரெக்ஸ் என்ற கோழி வைரஸ் நோய்க்கான தடுப்பூசி போடப்பட்டதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். அது பொரித்த அன்றே பொரிப்பகத்தில் போட வேண்டிய ஊசி.

2. பெட்டி வருவதற்கு முன்பே புரூடர் (குஞ்சுக்குச் சூடு தரும் தடுப்பு) சூடாகியிருக்க வேண்டும்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. குஞ்சு வந்து சேர்ந்த பிறகுதான் பல்பு தேடக் கடைக்கு ஓடுகிறார்கள்.

வட்டமான தடுப்பு போடுங்கள். தகரம், அட்டை, மூங்கில் தட்டி எதுவானாலும் ஒன்றரை அடி உயரம் போதும். 100 குஞ்சுக்கு 5 முதல் 6 அடி விட்டம். நான்காம் நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்துங்கள். வட்டம் எதற்கென்றால், மூலை இருந்தால் குளிரும்போதோ பயப்படும்போதோ குஞ்சுகள் அங்கே போய் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். அடியில் இருப்பவை மூச்சு முட்டிச் செத்துப்போகும்.

தரையில் இரண்டு அங்குலத்துக்கு உமியோ கடலைத் தோலோ பரப்புங்கள். கையில் அள்ளி மோந்து பாருங்கள். புழுங்கிய வாடை வந்தால் அதைத் தொடவே வேண்டாம். பூசணம் பிடித்த கூளம் குஞ்சின் நுரையீரலைக் கெடுக்கும். அந்தச் சாவு ஒரு வாரம் கழித்துத்தான் வெளியே தெரியும்.

கூளத்தின் மேல் முதல் மூன்று நாளைக்குக் காகிதம் வேண்டும். வெறும் செய்தித்தாள் வழுக்கும், கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துபோய் அந்தக் குஞ்சு எழுந்திருக்கவே முடியாமல் போகும். அட்டைப் பெட்டியைப் பிரித்து வரிவரியான பக்கம் மேலே வருமாறு போடுங்கள். நகத்துக்குப் பிடிமானம் கிடைக்கும். நனைந்தால் மாற்றிவிடுங்கள்.

சூட்டுக்கு குண்டு பல்பு. ஒரு குஞ்சுக்கு 1 முதல் 2 வாட் என்பது கணக்கு. 100 குஞ்சுக்கு ஒரே 200 வாட் பல்பு போடாமல் 100 வாட்டில் இரண்டு போடுங்கள். ஒன்று நடுச்சாமத்தில் போய்விட்டாலும் இன்னொன்று எரியும். எங்கள் பக்கத்து ஊர் அக்கா ஒருவர், வெளிச்சம் நன்றாக இருக்கிறதே என்று எல்இடி பல்பு இரண்டு மாட்டியிருந்தார். வெளிச்சம் இருந்தது, சூடு இல்லை. ஒரே இரவில் பதினெட்டு குஞ்சு போனது. கடைக்காரரிடம் "குஞ்சுக்கு, சூடு வர்ற பல்பு" என்று சொல்லியே கேளுங்கள்.

முதல் வாரம் குஞ்சின் முதுகு உயரத்தில் 35 டிகிரி செல்சியஸ், அதாவது 95 டிகிரி ஃபாரன்ஹீட் வேண்டும். அடுத்தடுத்த வாரங்களில் வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். வெப்பமானியைச் சுவரில் மாட்டினால் பயனில்லை, கூளத்திலிருந்து இரண்டு அங்குல உயரத்தில் தொங்கவிடுங்கள்.

மழைக்காலத்திலும் மார்கழியிலும் முந்தைய நாளே பல்பைப் போட்டுவிடுங்கள். காற்று சீக்கிரம் சூடாகிவிடும். கூளமும் தரையும் சூடாக நேரம் பிடிக்கும். தரை குளிர்ந்திருந்தால் மேலே எவ்வளவு சூடு இருந்தாலும் குஞ்சின் உடம்புச் சூட்டைக் கால் வழியாக அது உறிஞ்சிவிடும். கத்திரி வெயிலில் கதை தலைகீழ். பகலில் கொட்டகையே 38 டிகிரியில் இருக்கும்போது பல்பு எதற்கு? அப்போது இரவுக்கு மட்டும் போடுங்கள். பழக்கத்தில் பகலிலும் எரியவிட்டுக் குஞ்சை வேகவைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்பதையும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைத் துணியில் சுற்றி நடுவில் வைக்கலாம். இரண்டு மணி நேரம் தாங்கும். கரிச்சட்டி வைப்பதானால் ஜன்னலோ கூரைப் பக்கமோ கட்டாயம் திறந்திருக்க வேண்டும். மூடிய அறையில் கரிப்புகையின் நச்சுவாயு குஞ்சையும் கொல்லும், பக்கத்தில் படுத்திருக்கும் ஆளையும் கொல்லும்.

3. பார்சல் வாங்கும் இடத்திலேயே பெட்டியைத் திறங்கள்

என் இரண்டாவது முறை வாங்கலில், அதிகாலை நாலு மணிக்கு இறக்கிய பெட்டியை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒன்பது மணி வரை தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. நான் போனபோது பெட்டியின் நான்கு அறைகளில் ஒன்றில் இருபத்தைந்தும் நனைந்த பஞ்சு போலக் கிடந்தன. அன்றிலிருந்து பஸ் வருவதற்கு அரைமணி முன்பே போய் நின்றுவிடுகிறேன்.

கையெழுத்துப் போடும் முன் கைபேசியில் வீடியோவை ஓடவிட்டு, பெட்டி மேல் ஒட்டிய சீட்டைக் காட்டி, மூடியைத் திறந்து நான்கு அறைகளையும் காட்டுங்கள். இறந்தவற்றை வெளியே எடுத்து வரிசையாக வைத்து எண்ணுங்கள். எந்த அறையில் எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். சாவு எல்லாம் ஒரே அறையில் என்றால் அந்தப் பக்கம் சூடோ அடைப்போ இருந்திருக்கிறது. நான்கிலும் பரவலாக என்றால் குஞ்சுகளே களைத்தோ நலிந்தோ கிளம்பியிருக்கின்றன. பொரிப்பகத்துக்காரரிடம் பேசும்போது இந்த ஒரு விவரம் உங்கள் வார்த்தைக்கு வலு கொடுக்கும்.

சத்தத்தையும் கேளுங்கள். இடைவிடாத உச்சக் கத்தல் என்றால் குளிரோ தாகமோ. வாய் திறந்து மூச்சிறைத்தால் சூடு. சத்தமே இல்லாமல் படுத்துக் கிடப்பதுதான் மிகவும் கவலைக்குரியது.

வீடியோ முடிந்ததும் மூடிவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோகும் வழியில் பைக்கில் காற்று நேராக அடிக்காமல் துணியால் மறையுங்கள், துளைகளை மட்டும் விட்டுவிடுங்கள்.

4. முதல் மூன்று மணி நேரம்: சூடு, தண்ணீர், அதன் பிறகே தீனி

இந்த வரிசையை மாற்றாதீர்கள். குளிர்ந்த குஞ்சின் குடல் வேலை செய்யாது. தீனியைக் கொடுத்தால் தீனிப்பையில் அப்படியே தேங்கிவிடும். உடம்பு வறண்ட குஞ்சு தண்ணீருக்கு முன் உலர்ந்த தீனியைத் தின்றாலும் அதே கதிதான்.

முதலில் பெட்டியோடு புரூடர் பக்கத்தில் பத்து நிமிடம் வையுங்கள். பிறகு ஒவ்வொரு குஞ்சாக எடுத்து, அலகின் நுனியை மட்டும் தண்ணீரில் தொட வைத்து, அது தலையைத் தூக்கி விழுங்குவதைப் பார்த்துவிட்டுக் கீழே விடுங்கள். நூறு குஞ்சுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். சலிப்பாக இருந்தாலும் செய்யுங்கள். தாய்க்கோழி இல்லாத குஞ்சுக்குத் தண்ணீர் எது என்று காட்ட வேறு ஆள் இல்லை. இந்தச் சுற்றிலேயே ஒவ்வொன்றின் தொப்புள், கால், கண், பின்புறம் நான்கையும் பார்த்து, தளர்ந்ததைத் தனியே எடுத்துவிடலாம்.

தண்ணீர் ஜில்லென்று இருக்கக்கூடாது. ஆழ்துளைத் தண்ணீரை முந்தின இரவே பிடித்துப் புரூடருக்குள் வைத்துவிட்டால் சரியாக இருக்கும். ஒரு லிட்டருக்கு 50 கிராம் வெல்லம் அல்லது குளுக்கோஸ், முதல் அரை நாளைக்கு மட்டும். அதன் பிறகு வெறும் தண்ணீரில் எலக்ட்ரோலைட் (உப்புச்சத்துக் கலவை) கலந்து இரண்டு மூன்று நாள் கொடுக்கலாம். வெல்லத் தண்ணீரை நாள்கணக்கில் நீட்டினால் தண்ணீர் புளிக்கும், எச்சம் இளகும், பின்புறத்தில் ஒட்டும்.

குடுவைத் தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள். தள்ளாடும் குஞ்சு அரை அங்குலத் தண்ணீரிலும் முகம் கவிழ்ந்து மூழ்கிவிடும்.

இரண்டு மணி நேரம் தண்ணீர் குடித்த பிறகு, அட்டை மேலேயே தீனியைத் தூவுங்கள். முதல் நாள் மக்காச்சோளக் குருணை நல்லது. இரண்டாம் நாளிலிருந்து குஞ்சுத் தீவனம்தான். அரிசிக் குருணையிலேயே ஒரு வாரம் ஓட்டுபவர்கள் உண்டு. வளரும் குஞ்சுக்கு அதில் புரதம் போதாது. தட்டில் போடாமல் அட்டையில் தூவுவதற்குக் காரணம் சத்தம். ஒன்று கொத்தும் டொக் டொக் ஓசை கேட்டு மற்றவை வந்து கொத்தும்.

அன்று இரவு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இதைத் தவறவிட்டால் ஐந்தாம் நாள்தான் விலை தெரியும். இறக்கிவிட்டு எட்டு மணி நேரம் கழித்து, பல இடங்களிலிருந்து இருபது குஞ்சைப் பிடித்து, கழுத்துக்குக் கீழே மார்பின் வலது பக்கமுள்ள தீனிப்பையை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கஞ்சி போல மெத்தென்று இருந்தால் தீனியும் தண்ணீரும் உள்ளே போயிருக்கின்றன. கெட்டியாக நெறுநெறுவென்று இருந்தால் தண்ணீர் குடிக்கவில்லை. தண்ணீர்ப் பை போலத் தளும்பினால் தீனி தின்னவில்லை. இருபதில் பதினாறாவது மெத்தென்று இருக்க வேண்டும். மறுநாள் காலையில் இருபதும். குறைந்தால் குடுவைகளைச் சூட்டுக்குப் பக்கமாக நகர்த்துங்கள், இன்னொரு குடுவை சேருங்கள், தீனியைப் புதிதாகத் தூவுங்கள்.

குஞ்சுகள் படுத்திருக்கும் விதம் வெப்பமானியைவிட உண்மை சொல்லும். பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர். ஓரத் தகட்டை ஒட்டி வாய் திறந்து கிடந்தால் சூடு. எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப் பக்கத்திலிருந்து காற்று வருகிறது. வட்டம் முழுக்கச் சிதறிக் கிடந்து தூங்கினால் நீங்களும் தூங்கப் போகலாம்.

5. தளர்ந்த குஞ்சுகளுக்கு

தனி அட்டைப் பெட்டி, அதற்கும் 35 டிகிரி சூடு. மற்றவற்றோடு விட்டால் மிதிபடும். உடம்பு சூடேறிய பிறகு வெல்லத் தண்ணீரை ஒரு சொட்டாக அலகின் பக்கவாட்டில் வையுங்கள், அது தானாக உறிஞ்சட்டும். வாயைப் பிளந்து ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய் அப்போதே செத்துவிடும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு சொட்டு. இரண்டு மூன்று மணி நேரத்தில் எழுந்து நின்று கத்தினால் பிழைத்துவிடும். மாலைக்குள் மற்றவற்றோடு சேர்த்துவிடுங்கள். தனியே வைத்தால் தின்னக் கற்காது.

கால் விரிந்த குஞ்சுக்கு முதல் இரண்டு நாளுக்குள் மெல்லிய டேப்பால் இரண்டு காலையும் இயல்பான இடைவெளியில் இணைத்துக் கட்டினால், இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். தாமதித்தால் எலும்பு அப்படியே இறுகிவிடும்.

தொப்புள் திறந்து, வயிறு கருநீலமாக உப்பி, நாற்றம் வீசும் குஞ்சு பிழைக்காது. சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். அதை இரண்டு நாள் துடிக்க விடாமல் வலியின்றி முடிப்பது எப்படி என்று உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை நேரில் கற்றுக்கொள்ளுங்கள். வளர்ப்பவருடைய பொறுப்பில் அதுவும் சேர்ந்தது.

6. எந்த நாளில் செத்தது என்று பாருங்கள்

சுவரில் ஒரு தாள் ஒட்டி, காலை மாலை இரு வேளையும் இறந்தவற்றின் எண்ணிக்கையை எழுதுங்கள். மனக்கணக்கு வேண்டாம். நான்காம் நாள் வரும்போது முதல் நாள் எத்தனை என்பது யாருக்கும் நினைவிருக்காது.

*பெட்டியிலும் முதல் 24 மணி நேரத்திலும்:* இது பயணத்தின் கணக்கு. கால் தோல் சுருங்கி, நரம்பு புடைத்துத் தெரிந்தால் உடம்பு வறண்டு செத்தது. மயிர் நனைந்து ஒட்டியிருந்தால் சூட்டில் வெந்தது. தட்டையாகக் கிடந்தால் நசுங்கியது. நூற்றுக்கு இரண்டு மூன்று வரை போனால் நான் மனதைத் தேற்றிக்கொள்வேன். பத்து போனால் பொரிப்பகத்தை அன்றே கூப்பிடுவேன். இந்தச் சாவுக்குப் பெரும்பாலும் உங்கள் வளர்ப்பு காரணமில்லை. முதல் முறை வாங்கியவர்கள் பலர் தாங்கள்தான் கொன்றுவிட்டதாக நினைத்து அழுகிறார்கள், அதற்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

*2, 3ஆம் நாள்:* வயிற்றைப் பாருங்கள். உப்பி, ஈரமாக, நாற்றமாக இருந்தால் தொப்புள் வழியே கிருமி புகுந்து உள்ளிருக்கும் மஞ்சள் கரு அழுகியிருக்கிறது. முட்டையின் அழுக்கு, பொரிப்பானின் சுத்தக்குறைவு, ஈரப்பதக் கோளாறு இவற்றில் தொடங்குவது இது. பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் ஓய்ந்துவிடும். வயிறு சரியாக இருந்து, காலையில் ஒரே இடத்தில் நான்கைந்து கிடந்தால் இரவில் குளிர்ந்து குவிந்திருக்கின்றன. முந்தைய இரவு கரண்ட் போனதா என்று விசாரியுங்கள்.

இதே நாட்களில் பின்புறம் அடைத்துக்கொள்வதும் வரும். எச்சம் காய்ந்து எச்சவாயை மூடிவிட்டால் குஞ்சு ஒரு நாளில் செத்துவிடும். பயணக் களைப்பு, சூட்டு ஏற்றத்தாழ்வு, அதிக வெல்லம் எல்லாம் சேர்ந்து இதைக் கொண்டுவரும். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து ஊறவைத்து மெல்லத் துடையுங்கள். காய்ந்ததைப் பிய்த்தால் தோலோடு வரும். ரத்தத்தைக் கண்டு மற்றவை கொத்தத் தொடங்கும். துடைத்த பின் ஈரம் உலர்த்தி, துளி தேங்காய் எண்ணெய் தடவி விடுங்கள். கவனம்: தொப்புளில் ஒட்டியிருக்கும் காய்ந்த நூல் வயிற்றின் நடுவில் இருக்கும், எச்சவாய் அதற்குப் பின்னால் வாலுக்கு அடியில். எச்சம் என்று நினைத்துத் தொப்புளைப் பிய்த்துக் குடலை வெளியே இழுத்தவர்கள் இருக்கிறார்கள்.

*4, 5ஆம் நாள்:* புதியவர்களை நிலைகுலைய வைக்கும் அலை இதுதான். மூன்று நாள் நன்றாக ஓடியாடிய கூட்டத்தில் திடீரென்று ஆறு ஏழு விழும். நோய் வந்துவிட்டது என்று பதறி ஆன்டிபயாட்டிக் வாங்கி ஊற்றுவார்கள். மறுநாள் சாவு குறையும், மருந்து கேட்டது என்று நம்பிவிடுவார்கள்.

செத்த குஞ்சைக் கையில் எடுத்துப் பாருங்கள். இலை போல லேசாக இருக்கும். மார்பெலும்பு கத்தி முனை மாதிரி குத்தும். தீனிப்பை காலி. இது பட்டினிச் சாவு. முதல் நாளே தின்னக் கற்காத குஞ்சு, வயிற்றில் இருந்த மஞ்சள் கரு தீரும் வரை நடமாடிவிட்டு, அது தீர்ந்ததும் விழுகிறது. தின்னத் தெரியாதவை எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விழுந்து முடிவதால் சாவு தானாகவே நின்றுவிடும். மருந்துக்கு அதில் பங்கில்லை. தட்டின் முன் தீனி மலைபோல் இருந்தும் இது நடக்கும். முதல் நாள் சூடு குறைந்து எல்லாம் பல்புக்கு அடியிலேயே ஒடுங்கியிருந்திருக்கும், வெளிச்சம் போதாமல் தீனி கண்ணில் படாமல் இருந்திருக்கும், குடுவை தூரத்தில் இருந்திருக்கும், அல்லது பயணம் நீண்டு குஞ்சு வந்தபோதே தின்னும் தெம்பு போயிருக்கும். செத்தவற்றை மீட்க முடியாது. ஆனால் அப்போதே எல்லாக் குஞ்சின் தீனிப்பையையும் தடவி, காலியாக உள்ளவற்றைப் பிரித்து, பிசைந்த தீனியை விரலால் தட்டித் தட்டிக் காட்டினால் சிலதாவது மிஞ்சும்.

*ஒரு வாரத்துக்குப் பிறகும் தொடர்ந்தால்:* இப்போதுதான் நோயைப் பற்றி யோசிக்க வேண்டும். சத்தமில்லாமல் வாய் திறந்து கழுத்தை நீட்டி மூச்சு வாங்கினால் கூளத்துப் பூசணத்தைச் சந்தேகியுங்கள், கூளத்தை முழுவதும் மாற்றுங்கள். சுண்ணாம்பு போல வெளுத்த எச்சம் பின்புறத்தில் அப்பி, கூனிக் குறுகி நின்று, சாவு நாளுக்கு நாள் ஏறினால் சால்மோனெல்லா வகைக் கிருமியாக இருக்கலாம். அது தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியே வருவது. நம் ஊரில் இதையும், ராணிக்கெட் என்ற வைரஸ் நோயையும் வெள்ளைக்கழிச்சல் என்றே சொல்கிறோம். ஆகவே மருத்துவரிடம் பெயரைச் சொல்லாமல் பார்த்ததைச் சொல்லுங்கள்.

*எந்த நாளிலும் ஒரே இரவில்:* காயம், கடித்த கால், எண்ணிக்கையே குறைவது என்றால் எலி அல்லது பெருச்சாளி. கண்ணோரமும் தொப்புளும் சிவந்து அரிக்கப்பட்டிருந்தால் எறும்பு. சிவப்பெறும்பு படுத்துக் கிடக்கும் குஞ்சை உயிரோடு அரித்துவிடும். இறந்த குஞ்சை உடனே எடுக்காவிட்டால் எறும்பை நாமே அழைப்பதாகிவிடும். எறும்பு மருந்தைத் தடுப்புக்கு வெளியே மட்டும் போடுங்கள், குஞ்சு அதைக் கொத்தினால் அதுவே சாவுக்குக் காரணமாகும்.

7. சாவு இறங்குகிறதா, ஏறுகிறதா

தாளில் எழுதியது 4, 3, 5, 1, 0 என்று போனால் பயணத்தின் பின்விளைவு முடிந்துவிட்டது, பொறுத்திருங்கள். 1, 1, 2, 4, 7 என்று போனால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.

அன்று செத்த இரண்டு மூன்றை பாலித்தீன் பையில் கட்டி, ஐஸ்கட்டி நிரப்பிய பெட்டியில் வைத்து, நோயில் நிற்கும் ஓரிரு உயிர்க்குஞ்சையும் தனிப்பெட்டியில் எடுத்துக்கொண்டு பரிசோதனைக்குப் போங்கள். ஃப்ரீசரில் வைக்கக்கூடாது. உறைந்தால் உள்ளுறுப்பின் திசு சிதைந்து, பார்ப்பவருக்கு ஒன்றும் புலப்படாது. வெயிலில் ஒரு நாள் கிடந்ததும் உதவாது. நாமக்கல், சென்னை, திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகளும், பல மாவட்டங்களில் உள்ள கால்நடை பல்கலைக்கழகப் பயிற்சி மையங்களும் இதற்கு வழிகாட்டும். பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் தொடங்கலாம். 1962 என்ற கால்நடை உதவி எண்ணிலும் கேட்கலாம்.

8. மருந்து விஷயத்தில்

குஞ்சு வந்த அன்றே ஆன்டிபயாட்டிக் தருவது பலருக்குச் சடங்காகிவிட்டது. குளிரில் செத்தது, பட்டினியில் செத்தது, சூட்டில் செத்தது எதற்கும் அது மருந்தல்ல. தண்ணீரின் ருசி மாறிக் குடிப்பது குறைந்தால் நஷ்டம் கூடும். பிறகு உண்மையான நோய் வரும்போது அந்த மருந்துக்குக் கிருமி அசையாது. முன்பு கோழிகளுக்குச் சர்வசாதாரணமாகத் தந்துவந்த கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கை 2019 ஜூலையில் மத்திய அரசு உணவுக்கான கால்நடைகளுக்குத் தடை செய்ததும் மனிதர்களுக்கான கடைசிக்கட்ட மருந்து வீணாகிவிடக்கூடாது என்பதற்காகத்தான். பரிசோதனை முடிவோ மருத்துவர் சீட்டோ இல்லாமல் வாங்காதீர்கள்.

மஞ்சள், சின்ன வெங்காயம் அரைத்துத் தருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மூன்றாம் நாளுக்குப் பிறகு, தீனியில் சிறிதளவு. அதைத் தந்துவிட்டோம் என்று சூட்டைக் கவனிக்காமல் விடுவதில்தான் ஆட்சேபம்.

5 முதல் 7 நாளுக்குள் போட வேண்டிய ராணிக்கெட் சொட்டு மருந்தை, தளர்ந்து நிற்கும் கூட்டத்துக்குப் போட வேண்டாம். இரண்டு நாள் தள்ளி, தெளிந்த பிறகு போடுங்கள்.

9. இறந்தவற்றை அகற்றுதல்

கண்ட உடனே எடுங்கள். வேலிக்கு வெளியே வீசினால் நாய் கவ்வி ஊரெல்லாம் இழுக்கும், ஒருமுறை ருசி கண்ட நாய் கொட்டகைக்கே வரும். கிணறு, கண்மாயிலிருந்து தள்ளி, இரண்டு மூன்று அடிக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவி மூடுங்கள். கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். குழந்தைகள் குஞ்சை முகத்தோடு வைத்துக் கொஞ்சுவதைத் தடுத்துவிடுங்கள். பார்க்க நலமாக இருக்கும் குஞ்சிடமும் சால்மோனெல்லா இருக்கலாம்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில், "தூங்குது" என்று சொல்லி மறைக்காதீர்கள். தூரத்திலிருந்து வந்ததால் சிலதுக்குத் தெம்பு பத்தவில்லை என்று உண்மையைச் சொல்லுங்கள். மீதியைப் பார்க்கும் வேலையில் அவர்களுக்கும் ஒரு பங்கு கொடுங்கள், தண்ணீர்க் குடுவை கழுவுவது மாதிரி. என் மகள் ஆறு வயதில் அப்படித்தான் தேறினாள்.

10. பொரிப்பகத்திடம் பேசுவது

வீடியோ, அறைவாரியான எண்ணிக்கை, நாள்வாரித் தாள் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். முதல் நாள் சாவையும் தொப்புள் சாவையும் உறுதியாகக் கேளுங்கள். ஐந்தாம் நாள் பட்டினிச் சாவுக்கு அவர்களிடம் சண்டை போடாதீர்கள். பயணம் அளவுக்கு மீறி நீண்டிருந்தால் மட்டும் அதைச் சொல்லுங்கள். எது யாருடையது என்று பிரித்துப் பேசுகிறவரிடம் நல்ல பொரிப்பகத்துக்காரர்கள் மறுப்பதில்லை என்பது என் அனுபவம்.

ஈடாக வரும் குஞ்சுகளைப் பழைய கூட்டத்தோடு விடாதீர்கள். ஒரு வாரம் மூத்தவை புதியவற்றை மிதிக்கும், கொத்தும். இரண்டுக்கும் தேவையான சூடும் வேறு. தனி வட்டம் போட முடியாவிட்டால், இந்தக் கூட்டம் புரூடரை விட்டு இறங்கும் வரை அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

11. கொஞ்சமே மிஞ்சினால்

ஐம்பதுக்குப் போட்ட வட்டத்தில் இப்போது இருபதுதான் என்றால், அன்றே வட்டத்தைச் சுருக்குங்கள். கூட்டமாக இருந்தபோது ஒன்றுக்கொன்று ஒட்டிக் கிடந்து கிடைத்த சூடு இப்போது இல்லை. பல்பைக் குறைக்காதீர்கள், தேவையானால் நான்கு விரற்கடை கீழே இறக்குங்கள். ஒரே ஒரு குஞ்சு மட்டும் மிஞ்சினால் ஒரு சிறு கண்ணாடியை ஓரத்தில் சாய்த்து வைத்து, பக்கத்தில் பல்லாரி வெங்காயம் அளவுக்குத் துணி உருண்டை ஒன்று போடுங்கள். அதில் சாய்ந்து படுத்துக் கத்துவதை நிறுத்திவிடும். அதே வயதுக் குஞ்சு ஒன்று அக்கம்பக்கத்தில் கிடைக்கிறதா என்று அன்று மாலையே விசாரித்துப் பாருங்கள்.